போதும் என்று சொல்ல யாருக்கு உரிமை?

திருமணப் பந்தியில் அமர்ந்து உண்பவர் இலையின்மேல் கையை விரித்துப் ‘போதும்’ என்கிறார். பரிமாறுகிறவர் இன்னும் ஒரு கரண்டி வைக்கப் பார்க்கிறார், உண்பவர் மறுக்கிறார். அந்தச் சிறு போராட்டத்தில் ஓர் அழகு உண்டு. அதே பந்தியில் பரிமாறுகிறவர், ‘உமக்கு இவ்வளவு போதும்’ என்று சொல்லி வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டால் என்ன ஆகும்? உண்பவர் பாதியில் எழுந்துவிடுவார். அந்த வீட்டின் பெயர் ஊரில் கெட்டுவிடும். சொல் ஒன்றுதான். சொல்லும் வாய் மாறியதும், நிறைவைக் காட்டிய சொல் அவமதிப்பாகிவிட்டது.

கடவுளை நம்பி, உள்ளதில் நிறைவு கண்டு வாழ வேண்டும் என்பது கிறிஸ்தவ வாழ்வின் அரிச்சுவடி. மறைக்கல்வி வகுப்பில் சிறு பிள்ளைகளுக்கும் இதைக் கற்பிக்கிறோம். ஆயினும் ‘போதும்’ என்பதை யார், யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்னும் வினாவை நாம் எழுப்புவது அரிது. அதனால் வசதி படைத்தவர் தம் இலையைப் பார்த்து அச்சொல்லைச் சொல்லாமலே காலத்தைக் கழித்துவிடுகிறார். வறியவரோ பிறர் வாயிலிருந்து அதை ஓயாது கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில், வானத்துப் பறவைகளையும் வயல்வெளி மலர்களையும் உற்று நோக்கும்படி ஆண்டவர் சொல்லும் பகுதி வாசிக்கப்படும் ஞாயிறன்று கோவிலில் அமர்ந்திருப்போரை எண்ணிப் பாருங்கள். நகையை அடகு வைத்து மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிய தாய் இருக்கிறார். வளைகுடா நாட்டில் வேலையிழந்து திரும்பிய மகனோடு ஒரு தந்தை இருக்கிறார். மூன்று மாடி வீட்டின்மேல் நான்காம் மாடி எழுப்பத் திட்டமிடுகிறவரும் இருக்கிறார். ஒரே மறையுரை மூவர் செவியிலும் விழுகிறது. ‘கவலைப்படாதீர்கள், உள்ளது போதும் என்றிருங்கள்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் பீடத்துக்குத் திரும்பினால், முதல் இருவர் நெஞ்சிலும் அது இன்னொரு சுமையாக ஏறும். மூன்றாமவரைத் தொடாமலே போய்விடும். வேளை தவறாமல் உணவு மேசைக்கு வந்துவிடும் குருக்களாகிய நாங்கள் இதை மற்றவர்களைவிடக் கூடுதலாக நினைவில் கொள்ள வேண்டும்.

பறவைகளைப் பற்றி ஒரு சொல். கடற்கரை மக்கள் இந்த உவமையைச் சோம்பலுக்குச் சான்றாக ஒருநாளும் கொள்ளமாட்டார்கள். மீன் கூட்டம் எங்கே திரண்டிருக்கிறது என்பதை, ஆலாக்கள் வட்டமிட்டுப் பாய்வதைக் கொண்டு அறிகிறவர்கள் அவர்கள். விடியல் முதல் அந்தி வரை அலைமேல் அலைந்து இரை தேடும் அப்பறவையை உழைக்காத உயிர் என்று யார் சொல்லக்கூடும்? அதற்குக் களஞ்சியம் இல்லை, அவ்வளவே.

நம்பிக்கைக்கும் நிறைவுக்கும் பழைய ஏற்பாட்டில் ஒரு பள்ளிக்கூடமே உண்டு. அது பாலைநிலத்தில் பொழிந்த மன்னா. விடுதலைப் பயண நூலின் 16ஆம் அதிகாரத்தை வாசிப்போர் அற்புதத்தை வியந்து நின்றுவிடுவது வழக்கம். அங்கே சொல்லப்படும் கணக்கைக் கவனிப்பதில்லை. தலைக்கு ஓர் ஓமர் என்று அளவு குறிக்கப்படுகிறது. கூடாரத்தில் உள்ளோரின் எண்ணிக்கைக்கு ஏற்பச் சேகரிக்க வேண்டும். நிறையச் சேகரித்தவருக்கு மிஞ்சவுமில்லை. குறைவாகச் சேகரித்தவருக்குப் போதாமற் போகவுமில்லை. மறுநாளுக்கென்று பதுக்கியது புழுத்து நாறுகிறது. ஆறாம் நாளில் இருமடங்கு சேகரித்து ஓய்வுநாளுக்கு வைத்தது மட்டும் கெடவில்லை. வெயில் ஏறினால் மன்னா உருகிவிடும். ஆகவே விடியற்காலையில் எழுந்து, குனிந்து பொறுக்கியாக வேண்டும். வானத்திலிருந்து வந்த உணவுக்கும் முதுகு வலிக்கத்தான் செய்தது.

ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு போதும் என்பதை இக்கணக்கில் அக்குடும்பத்தின் வாய்கள் தீர்மானிக்கின்றன. சேகரித்தவரின் திறமைக்கும் கூடையின் கொள்ளளவுக்கும் அங்கே வேலையில்லை. திருத்தூதர் பவுல் எருசலேமின் ஏழைகளுக்காகக் கொரிந்து சபையாரிடம் நன்கொடை திரட்டியபோது, இந்த மன்னாக் கணக்கையே எடுத்துக் காட்டினார் (2 கொரி 8:15). உண்ண இல்லாதவருக்குப் பொறுமை கற்பிக்க அவர் அதைப் பயன்படுத்தவில்லை. மிகுதியாக உள்ளவரைப் பார்த்து, உங்கள் மிகுதி அவர்களின் குறையை நிரப்பட்டும், இரு சாராருக்கும் இடையே சமநிலை உண்டாகட்டும் என்ற பொருளில் எழுதினார். மனநிறைவைப் பற்றிய மறையுரையை எந்தப் பக்கம் திரும்பி நின்று ஆற்றுவது என்பதற்கு இதைவிட நல்ல வழிகாட்டி இல்லை என்றே எண்ணுகிறேன்.

ஆண்டவர் கற்றுத்தந்த மன்றாட்டிலும் மன்னாவின் மணம் வீசுகிறது. அன்றாட உணவு என்று நாம் கேட்கும் இடத்தில் கிரேக்க மூலத்தில் ‘எப்பியூசியோஸ்’ என்ற சொல் நிற்கிறது. புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் அது வருவதில்லை. கற்றோர் எழுத்திலும் மக்கள் பேச்சிலும் வழங்காத இச்சொல்லை நற்செய்தியாளர்களே ஆக்கியிருக்க வேண்டும் என்று மூன்றாம் நூற்றாண்டு அறிஞர் ஒரிஜன் கருதினார். புனித எரோணிமுஸ் இலத்தீனில் பெயர்த்தபோது, லூக்காவில் ‘அன்றாட’ என்ற பொருளிலும், மத்தேயுவில் ‘எல்லாப் பொருளுக்கும் மேலான’ என்ற பொருளிலும் இரு வேறு சொற்களை வைத்தார். எபிரேயரின் நற்செய்தி எனப்பட்ட நூலில் அந்த இடத்தில் ‘நாளைக்குரிய’ எனப் பொருள்படும் சொல்லைத் தாம் கண்டதாகவும் குறித்துள்ளார். இன்றைய சோறா, நற்கருணையா, வரவிருக்கும் இறையாட்சியின் விருந்தா என்று அறிஞர் ஆய்ந்துகொண்டிருக்கட்டும். அந்த மன்றாட்டில் ‘எனக்கு’ என்ற சொல் கிடையாது என்பதில் மட்டும் யாருக்கும் ஐயமில்லை. பக்கத்து வீட்டுச் சோற்றையும் சேர்த்துக் கேட்காமல், என் சோற்றைக் கேட்க எனக்கு வாய் தரப்படவில்லை.

இவையெல்லாம் நூலில் மட்டும் உள்ளவை என்று யாரும் எண்ண வேண்டாம். குமரி மாவட்டக் கடற்கரையில் கத்தோலிக்க ஊர்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போவதில்லை என்ற கட்டுப்பாடு தலைமுறைகளாக இருந்து வருகிறது. வெளியூரார் அதை வெறும் சடங்கு என நினைக்கலாம். மீன்பாடு நன்றாக இருக்கும் பருவத்தில், சனிக்கிழமை வலை நிறைய மீனைக் கண்டுவிட்டு, அதே கூட்டம் மறுநாளும் கிடைக்கக்கூடும் என்று தெரிந்தும், வள்ளத்தைக் கரையேற்றி வைப்பது எளிதான செயலா? எஞ்சின் வாங்கிய கடனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வட்டி ஏறுகிறதே! ஆறு நாள் உழைப்பில் கிடைத்தது ஏழு நாளுக்கும் போதும் என்று ஊர் முழுவதும் கூடிச் சொல்லும் நம்பிக்கை அறிக்கை அது. ஒருவர் மட்டும் சொல்லியிருந்தால், அவர் விட்டதை அடுத்தவர் அள்ளிச் சென்றிருப்பார். ஊரார் அனைவரும் சேர்ந்து சொல்வதால் அச்சொல் நிற்கிறது.

கிடைத்த மீனைப் பங்கிடுவதிலும் ஒரு முறை உண்டு. வள்ளத்துக்கு, வலைக்கு, உடன் உழைத்தோருக்கு எனப் பங்குகள் பிரியும். தமிழ்க் கத்தோலிக்கராகிய நாம், கோவிலைச் சுற்றி வாழும் இறைமக்கள் கூட்டத்தையும் ‘பங்கு’ என்றே அழைக்கிறோம். மேலை மொழிகளில் இதற்கு வழங்கும் சொல், அந்நிய நாட்டில் தங்கியிருத்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. அதுவும் ஆழமான பொருளுடையதே. எனினும் நம் முன்னோர் வழங்கிய சொல்லே எனக்கு உகந்ததாகப் படுகிறது. அவரவருக்கு உரியது அவரவரைச் சேரும் இடம் என்று அது சொல்லாமற் சொல்கிறதன்றோ?

அப்படியானால் நாளைக்கென்று சேர்த்து வைப்பது அவநம்பிக்கையா? காப்பீடு எடுக்கலாமா, சீட்டுப் போடலாமா என்று மனச்சான்று உறுத்தக் கேட்பவர்களும் உண்டு. மீன் மலிந்த நாளில் உப்பிட்டுக் கருவாடு போடும் மீனவப் பெண் இறைநம்பிக்கையில் குறைந்தவர் என்று யார் சொல்வார்? எகிப்தில் ஏழாண்டு விளைச்சலைச் சேர்த்து வைக்கச் சொன்ன யோசேப்பை விவிலியம் ஞானி என்று காட்டுகிறது. லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்து அறிவற்ற செல்வனும் களஞ்சியம் கட்டத்தான் எண்ணினான். ஆனால் அவன் பேச்சைக் கவனியுங்கள். என் விளைச்சல், என் களஞ்சியம், என் தானியம், என் உடைமை, என் நெஞ்சம் என்று எல்லாமே ‘என்’. அவன் உரையாடுவதும் தன்னோடு மட்டுமே. பஞ்சம் வந்ததும் யோசேப்பின் களஞ்சியங்கள் திறந்தன. இவனுடைய களஞ்சியத்துக்குக் கதவே வைக்கவில்லை போலும்.

இதுவரை சொன்னது உள்ளதைப் பற்றி. உள்ளதும் பறிபோகும்போது நிறைவு என்ற சொல்லுக்குப் பொருள் உண்டா?

நம் மண்ணின் புனிதர் தேவசகாயம் இங்கே துணைக்கு வருகிறார். 1712இல் நட்டாலத்தில் பிறந்து, நீலகண்டன் என்ற பெயருடன் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் பணியில் இருந்தவர் அவர். கால்நடைகளும் பயிரும் அழிந்து மனம் நொந்திருந்த காலத்தில், தம் துயரை டச்சுக்காரர் டிலனாயிடம் சொன்னார். டிலனாய் 1741இல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்னர் மன்னரின் படையைப் பயிற்றுவிக்கும் பொறுப்புக்கு உயர்ந்தவர். அவர் நீலகண்டனுக்கு யோபுவின் கதையை எடுத்துரைத்தார் என்பது வரலாறு. சொன்னவர் யார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. போரில் தோற்று, கைதியாகி, தாய்நாட்டுக்கு வெகு தொலைவில் வாழ்ந்தவர் அவர். வீடும் நிலமும் குறையாதிருந்த ஒருவர் வந்து அதே கதையைச் சொல்லியிருந்தால் கேட்டவர் உள்ளத்தில் அது இறங்கியிருக்குமா?

1745இல் வடக்கன்குளத்தில் நீலகண்டன் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்னும் விவிலியப் பெயரின் தமிழாக்கமே தேவசகாயம். கடவுளே துணை என்பது பொருள். யோபுவின் கதை முடிவில் ஆடுமாடுகள் இருமடங்காகத் திரும்பின. கதையைக் கேட்டவருக்கோ எதுவும் திரும்பவில்லை. இருந்த பதவியும் போயிற்று. 1749இல் சிறை, அதன்பின் ஏறத்தாழ மூன்றாண்டு சித்திரவதை, 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டுகள். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். நம்பினால் வீடு வரும், வேலை வரும், விசா வரும் என்று மேடைகளில் முழங்குகிறார்களே, அந்தப் போதனையை நம் புனிதரின் கல்லறைக்கு முன் நின்று சொல்ல முடியுமா? நம் மக்களுள் பலர் அக்கூட்டங்களுக்குப் போய் வருகிறார்கள். துன்பத்தில் இருப்பவர் எந்தக் கதவையும் தட்டுவார். அவர்களை நான் கடிந்துகொள்ளமாட்டேன். கடவுளை வட்டிக்கடைக்காரர் ஆக்குகிறவர்களையே கடிந்துகொள்கிறேன்.

யோபு நூலை இன்னும் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கொடுத்தவரே எடுத்துக்கொண்டார், அவர் பெயர் போற்றப்படுக என்ற கருத்தை முதல் அதிகாரத்திலேயே யோபு சொல்லிவிடுகிறார். அவர் அதைத் தம் சொந்த இழப்பைக் குறித்துச் சொன்னார். மக்களை அடக்கம் செய்த தகப்பன் சொன்ன சொல் அது. நண்பர்கள் மூவர் வருகிறார்கள். ஏழு நாள் தரையில் அவரோடு அமர்ந்து பேசாதிருக்கிறார்கள். அவர்கள் செய்த நல்ல ஊழியம் அந்த ஏழு நாளோடு முடிந்தது. வாயைத் திறந்ததும், ஏற்றுக்கொள், அடங்கியிரு, ஏதோ காரணம் இருக்கும் என்று அதிகாரம் அதிகாரமாகப் போதிக்கிறார்கள். யோபுவோ முறையிடுகிறார், வழக்காடுகிறார், பிறந்த நாளைச் சபிக்கிறார். முடிவில் கடவுள் யார்மீது சினம் கொள்கிறார்? தம்மைப் பற்றித் தம் ஊழியன் யோபு பேசியதுபோல் நண்பர்கள் சரியாகப் பேசவில்லை என்கிறார் (யோபு 42:7). கூக்குரலிட்டவர் கடவுளைப் பற்றிச் சரியாகப் பேசினார். பணிவைப் போதித்தவர்கள் தவறாகப் பேசினார்கள்! இறைவனின் இத்தீர்ப்பு மறையுரையாளர் ஒவ்வொருவரும் அஞ்ச வேண்டிய தீர்ப்பு.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள் காலை, வேளாங்கண்ணியிலும் குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் கடல் ஏறி வந்தபின் நம்மிடையே பேசப்பட்டவை பல. அவற்றுள் யோபுவின் குரலும் இருந்தது. நண்பர்களின் குரலும் இருந்தது. 2017 நவம்பர் இறுதியில், கோட்டாறு சவேரியார் திருவிழாக் காலத்தில், ஒக்கிப் புயல் வீசியது. ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்துகொண்டிருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. டிசம்பர் 7 அன்று மீனவ ஊர்களின் மக்கள் ஆயிரக்கணக்கில் குழித்துறையில் தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். காணாமற்போனவர்களைத் தேடுங்கள் என்று கேட்டார்கள். கோவிலில் செபமாலை சொல்லியவர்களும் அவர்களே. இறைவனை நம்புகிறவர்கள் மறியல் செய்யலாமா என்று கேட்பவர் உண்டென்றால், அவரை யோபு நூலின் கடைசி அதிகாரத்துக்கே அனுப்பி வைப்பேன். தேடுங்கள் என்ற அக்குரல், கேட்பவர் ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிறவரின் தொண்டையிலிருந்து வந்தது. நம்பிக்கை அற்றுப்போனவர் எதையும் கேட்பதில்லை, வீட்டுக்குப் போய்விடுவார்.

திருச்சபையும் செயலற்ற சரணாகதியை ஏற்றுக்கொண்டதில்லை. முயற்சி, ஆசை, மன்றாட்டு எல்லாவற்றையும் கைவிட்டு ஆன்மா அசைவற்றுக் கிடப்பதே நிறைவு என்று போதித்த மோலினோஸ் என்னும் ஸ்பானியக் குருவின் கருத்துகளைத் திருத்தந்தை பதினொன்றாம் இன்னொசெந்து 1687இல் கண்டித்தார். 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் நிலை குறித்து எழுதிய சுற்றுமடல், வேறு வழியின்றித் தொழிலாளி குறைந்த கூலிக்கு ஒப்புக்கொண்டாலும் அந்த ஒப்பந்தம் நீதியாகிவிடாது என்று தெளிவுபடுத்தியது. முதலாளி பரிமாறும் கரண்டியைப் பிடித்துக்கொண்டு ‘உனக்கு இது போதும்’ என்று சொல்ல முடியாது என்பதே அதன் சாரம். இவ்விரண்டும் இறையியல் மாணவருக்கு மட்டும் உரிய செய்திகளாக ஏடுகளில் தூங்குகின்றன.

பவுல் அடிகளின் நிறைவு எப்படிப்பட்டது? பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தில், எந்நிலையிலும் மனநிறைவோடிருக்கக் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார் (4:11). சிறையிலிருந்து எழுதுகிறார். அவர் ஆளும் கிரேக்கச் சொல் அக்காலத்து ஸ்தோயிக் ஞானியர் போற்றியது. எதுவும் தேவைப்படாத, எவரையும் சாராத தன்னிறைவை அவர்கள் அச்சொல்லால் குறித்தார்கள். பவுலோ அதைப் பயன்படுத்துவது, தமக்கு வந்த உதவிக்கு நன்றி சொல்லும் இடத்தில்! உதவியைக் கொண்டுவந்த தோழர் நோயுற்றுச் சாகும் நிலைக்கு வந்தபோது பவுல் கலங்கிப்போனார். அவர் பிழைத்ததைத் துயரத்தின்மேல் துயரம் வராதபடி கடவுள் தமக்குக் காட்டிய இரக்கம் என்று எழுதுகிறார் (2:27). பிறர் தேவைப்படுகிறார்கள், கண்ணீர் வருகிறது, ஆனாலும் நிறைவு. ‘கற்றுக்கொண்டேன்’ என்கிறாரே, அதையும் கவனிக்க வேண்டும். பிறவிக் குணமாக அவருக்கு அது வாய்க்கவில்லை. அடியும் பசியும் கப்பற்சேதமும் பல ஆண்டுகள் அவருக்குக் கற்பித்தன.

நமக்கு அத்தகைய பாடங்கள் வருவதில்லை. சிறு பாடங்களே வருகின்றன. எதிர்வீட்டார் மகளுக்குப் போட்ட நகையைவிட நம் மகளுக்கு ஐந்து பவுனாவது கூடப் போட வேண்டும் என்ற எண்ணம், திருவிழாவுக்கும் புதுநன்மைக்கும் கடன் வாங்கி விருந்து வைக்கும் பழக்கம், பிள்ளை வாங்கிய மதிப்பெண்ணை அடுத்த பிள்ளையின் மதிப்பெண்ணோடு ஒட்டிப் பார்க்கும் பார்வை. இங்கெல்லாம் ‘போதும்’ என்று சொல்ல நமக்கு முழு உரிமை உண்டு. நம் இலை, நம் கை. ஆனால் கை விரிவதில்லை. வேலைக்கு வரும் பெண் இருநூறு ரூபாய் கூடுதலாகக் கேட்கும்போது மட்டும் சொல் தடையின்றி வந்துவிடுகிறது.

நோயில் பூசுதல் கொடுக்கப் போகும்போது சில வேளைகளில் வேறொன்றைக் காண்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முதிய மீனவருக்கு வழியுணவு கொண்டுபோனேன். சொந்தமாக வள்ளம் வைத்து, ஐந்தாறு பேருக்கு வேலை கொடுத்தவர். பேச்சு குழறியது. நற்கருணையைப் பெற்றுக்கொண்டு வெகுநேரம் கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்று எண்ணி, வீட்டார் என்னை வழியனுப்ப எழுந்தார்கள். அப்போது அவர் மகனைச் சைகையால் அழைத்து, முந்தின நாள் மீன்பாட்டில் உடன் போனவர்களுக்கு உரிய பங்கைக் கொடுத்தாயிற்றா என்று கேட்டார். கொடுத்துவிட்டேன் அப்பா என்றான் மகன். தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.